காலக்கெடுவும் மின்சிக்கனமும்: இயங்குதளங்களில் பணி ஒதுக்கீட்டின் வரலாறு

கணினியிலும் அலைபேசியிலும் ஒரே சமயத்தில் பல பணிகள் செயலிக்காகக் காத்திருக்கின்றன. எந்தப் பணிக்கு, எப்போது, எவ்வளவு நேரம் செயலியைக் கொடுப்பது என்பதை முடிவு செய்யும் இயங்குதளப் பகுதி பணி ஒதுக்கி எனப்படும். பெரும்பாலான பணிகள் சற்றுத் தாமதமானாலும் கெடுதல் இல்லை. சில பணிகள் அப்படிப்பட்டவை அல்ல. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரைக்கு அடுத்த படத்தை ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்குள் வரைந்து கொடுக்க வேண்டும்; தவறினால் காட்சி தடுக்கி நிற்கும். பாட்டு ஒலிக்கும்போது ஏற்படும் தாமதம் 'டப்' என்ற வெட்டாகக் காதில் விழும். வாகனத்தின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் கணினியில், தாமதமாக வந்த சரியான விடை தவறான விடைக்குச் சமம். இத்தகையவை காலக்கெடுப் பணிகள் அல்லது நிகழ்நேரப் பணிகள் எனப்படுகின்றன.

மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவது இதற்கு நேர் எதிரான வேலையாகத் தோன்றும். செயலியின் வேகத்தைக் குறைத்தால் மின்கலம் நீடித்து உழைக்கும். ஆனால் பணி தாமதமாகும். இவ்விரண்டையும் ஒருசேர நடத்தும் வழி 1995-இலேயே கணித வடிவில் எழுதப்பட்டுவிட்டது. லினக்ஸின் பொதுக் கெர்னலுக்குள் அந்த எண்ணம் வந்து சேர 2018 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில், காலக்கெடுவை அறிந்த பகுதியும் வேகத்தை மாற்றும் பகுதியும் ஒரே இயங்குதளத்துக்குள் ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்தன.

நேரம் மட்டுமே கவலையாக இருந்த காலம்

1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது, அதன் வழிகாட்டுக் கணினி 1202, 1201 என்ற எச்சரிக்கை எண்களைக் காட்டியது. அந்நேரத்தில் தேவைப்படாத சந்திப்பு ரேடாரிலிருந்து வந்த குறிகைகள் கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தன. அதனால் பணிகள் குவிந்து, புதிய பணியை ஏற்க இடமில்லாமல் போயிற்று. எம்.ஐ.டி.யின் ஹால் லேனிங் வடிவமைத்த பணி ஒதுக்கி ஒவ்வொரு பணிக்கும் ஒரு முன்னுரிமை எண்ணை வைத்திருந்தது. கணினி தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. கலத்தை வழிநடத்தும் பணிகளை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. முக்கியத்துவம் குறைந்தவற்றைக் கைவிட்டது. தரையிறக்கம் தடைப்படவில்லை. இந்தக் கணினியின் துடிப்பு வேகம் மாறாதது. வேகத்தைக் குறைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பேச்சுக்கே அதில் இடமில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1973-இல், சி. எல். லியு, ஜேம்ஸ் லேலண்ட் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வுரை இத்துறைக்கு அடித்தளம் இட்டது. குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் பணிகளை எப்படி வரிசைப்படுத்தினால் கெடு தவறாது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. அவர்கள் இரண்டு முறைகளை ஆராய்ந்தனர். முதல் முறையில், அடிக்கடி வரும் பணிக்கு நிலையான உயர் முன்னுரிமை தரப்படும். இரண்டாவதில், எப்பணியின் கெடு முதலில் வருகிறதோ அதற்கே அந்தக் கணத்தில் செயலி தரப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். முதல் பணி 10 மில்லிநொடிக்கு ஒருமுறை வருகிறது. அதற்கு 4 மில்லிநொடி வேண்டும். இரண்டாம் பணி 15 மில்லிநொடிக்கு ஒருமுறை வருகிறது. அதற்கு 8 மில்லிநொடி வேண்டும். அடுத்த சுற்று வருவதற்குள் முந்தைய சுற்று முடிய வேண்டும் என்பதே கெடு. நிலையான முன்னுரிமை முறையில் முதல் பணி 0 முதல் 4 வரை ஓடும். இரண்டாம் பணி 4 முதல் 10 வரை ஓடும். 10-இல் முதல் பணி மீண்டும் வந்து இரண்டாவதைத் தள்ளிவிட்டு 14 வரை ஓடும். 15-ஆம் மில்லிநொடி வரும்போது இரண்டாம் பணிக்கு 7 மில்லிநொடியே கிடைத்திருக்கும், கெடு தவறிவிடும். கெடு முந்தியது முதலில் என்ற முறையிலோ, 10-இல் வந்த முதல் பணிக்கு 20 வரை அவகாசம் இருப்பதால் இரண்டாம் பணியே தொடர்ந்து ஓடி 12-இல் முடிந்துவிடும். முதல் பணியும் 16-இல் முடியும். இரண்டு கெடுவும் தப்பும்.

செயலியின் மொத்த நேரத்தில் பணிகள் கேட்கும் பங்கு 100 சதவீதத்தைத் தாண்டாதவரை இரண்டாம் முறையில் கெடு தவறாது என்று லியுவும் லேலண்டும் நிறுவினர். முதல் முறையில், பணிகள் எத்தனை இருந்தாலும் கெடு தவறாது என்று முன்கூட்டியே உறுதி கூறத்தக்க அளவு ஏறத்தாழ 69 சதவீதமே. மேலே கண்ட எடுத்துக்காட்டில் பங்கு 93 சதவீதம்.

இருந்தும் தொழில்துறை முதல் முறையையே பெரிதும் கைக்கொண்டது. அதை எழுதுவது எளிது. சுமை மிஞ்சினால் எப்பணி பலியாகும் என்பதும் முன்பே தெரியும். இரண்டாம் முறையில் சுமை மிஞ்சும்போது எது தவறும் என்று சொல்வது கடினம். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளமும் முன்னுரிமை எண்களை நம்பியதே. தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒன்று பொதுவான பூட்டு ஒன்றைப் பிடித்திருக்க, நடுத்தரப் பணி அதை ஓடவிடாமல் தடுக்க, பூட்டுக்காகக் காத்திருந்த உயர் முன்னுரிமைப் பணி கெடு தவறி, கலம் அடிக்கடி மறுதொடக்கம் ஆனது. பூமியிலிருந்து ஒரு சிறிய அமைப்பை மாற்றி அனுப்பிச் சரிசெய்தார்கள்.

இந்தத் தேர்வுக்கு வேறொரு விளைவும் இருந்தது; அது அப்போது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. முன்னுரிமை எண் ஒரு பணி முக்கியமானது என்று மட்டும் சொல்லும். அதற்கு எவ்வளவு நேரம் தேவை, எப்போது முடிய வேண்டும் என்பதை அந்த எண் சொல்லாது. வேகத்தைக் குறைக்கலாமா என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

சீக்கிரம் முடிப்பதும் வீணே

சீமாஸ் வகைச் சில்லுகள் இயங்கும்போது செலவழியும் மின்திறன் அதிர்வெண்ணையும், மின்னழுத்தத்தின் இருமடியையும் பொறுத்தது. அதிர்வெண்ணைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்க முடியும். இரண்டையும் பாதியாக்கினால் பணி முடிய இருமடங்கு நேரம் ஆகும். ஆனால் அப்பணிக்கான ஆற்றல் கால் பங்காகிவிடும். வேகத்தை மட்டும் குறைத்து அழுத்தத்தை அப்படியே விட்டால் இந்த ஆதாயம் இல்லை. இதன் பொருள் எளிது: பத்து மணி ரயிலுக்கு ஒன்பது மணிக்கே மூச்சிரைக்க ஓடிச் சென்று நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர் வீணாகக் களைப்படைகிறார். கெடு வரை உள்ள ஓய்வு நேரம்தான் மிச்சம் பிடிக்கக்கூடிய மின்சாரம்.

இதை இயங்குதள ஆய்வாக முன்வைத்தவர்கள் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தைச் சேர்ந்த மார்க் வைசர், பிரென்ட் வெல்ச், ஆலன் டெமர்ஸ், ஸ்காட் ஷென்கர் ஆகியோர். 1994-இல் வெளியான அவர்களது ஆய்வுரை, யூனிக்ஸ் கணினிகளில் பதிவான உண்மையான பணிச்சுமையை வைத்துச் செயலி வேகத்தை மாற்றிப் பார்த்தது. எதிர்காலம் முழுவதும் தெரிந்திருந்தால் என்ன செய்யலாம் என்பது அதில் ஓர் எல்லை. நடைமுறைக்கு ஏற்றது மற்றொரு முறை: சற்று முன் செயலி எவ்வளவு வேலையாக இருந்ததோ அதை வைத்து அடுத்த சில மில்லிநொடிகளுக்கான வேகத்தை ஊகிப்பது.

மறு ஆண்டே டெமர்ஸும் ஷென்கரும் பிரான்சிஸ் யாவுடன் சேர்ந்து கெடுக்களையும் கணக்கில் எடுத்தனர். எந்தக் கால இடைவெளியில் வேலை மிக நெருக்கமாக இருக்கிறதோ அதை முதலில் கண்டுபிடித்து, அங்கே தேவையான அளவு வேகத்தை ஒதுக்க வேண்டும். பிறகு மீதியுள்ள நேரத்துக்கும் அதே கணக்கைத் திரும்பச் செய்ய வேண்டும். இதைவிடக் குறைந்த ஆற்றலில் எல்லாக் கெடுக்களையும் காப்பாற்ற முடியாது என்று அவர்கள் மெய்ப்பித்தனர். ஒரே குழுவிலிருந்து ஓராண்டு இடைவெளியில் இரு பாதைகள் பிறந்தன எனலாம்: கடந்ததைப் பார்த்து ஊகிக்கும் பாதை, கெடுவைக் கேட்டுக் கணக்கிடும் பாதை. கடைக்கு வந்த இயங்குதளங்கள் முதல் பாதையில் போயின. பயன்பாட்டு நிரல்கள் தம் கெடுவை இயங்குதளத்திடம் சொல்லும் வழக்கமே இல்லாதபோது வேறு எப்படிப் போயிருக்க முடியும்?

2000-ஆம் ஆண்டில் இன்டெலின் ஸ்பீட்ஸ்டெப், ஏஎம்டியின் பவர்நவ், டிரான்ஸ்மெட்டாவின் லாங்ரன் என வேகத்தை மாற்றும் வசதி மடிக்கணினிச் சில்லுகளில் வந்தது. அடுத்த ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பத்மநாபன் பிள்ளை, காங் ஷின் இருவரும் அத்தகைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸை மாற்றியமைத்து, கெடு தவறாமல் வேகத்தைக் குறைத்துக் காட்டினர். அவர்களது முறைகளுள் ஒன்றை முன்கண்ட எடுத்துக்காட்டிலேயே விளக்கலாம். இரண்டாம் பணிக்கு அதிகபட்சம் 8 மில்லிநொடி ஆகும் என்று வைத்திருந்தோம். ஒரு சுற்றில் அது 3 மில்லிநொடி வேலையிலேயே முடிந்துவிட்டால், அதன் அடுத்த சுற்று வரும்வரை அதன் பங்கு 20 சதவீதம் என்று கொள்ளலாம். முதல் பணியின் 40 சதவீதத்தைச் சேர்த்தால் 60. செயலியை 60 சதவீத வேகத்தில் ஓட்டினால் போதும். அடுத்த சுற்று வந்ததும் பழைய கணக்குக்குத் திரும்ப வேண்டும். உட்பொதி கருவிகளில் இத்தகைய முறைகள் 20 முதல் 40 சதவீதம் வரை ஆற்றலை மிச்சப்படுத்தும் என்று அவர்கள் கண்டனர்.

ஊகிக்கும் கவர்னர்கள்

லினக்ஸின் 2.6 பதிப்பு 2003-இல் வந்தபோது, வேகத்தைக் கட்டுப்படுத்தும் தனிப்பகுதி அதில் இடம்பெற்றது. முடிவெடுக்கும் நிரலுக்குக் கவர்னர் என்று பெயர். 2004-இல் சேர்ந்த 'ஆன்டிமாண்ட்' கவர்னர் பல ஆண்டுகள் கோலோச்சியது. செயலி எத்தனை சதவீதம் வேலையாக இருந்தது என்று அவ்வப்போது அளந்து, சுமை மிகுந்தால் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றும், குறைந்தால் இறக்கும். பணி ஒதுக்கியுடன் அது பேசுவதில்லை. வேகம் ஏறுவதற்குள் ஒரு கெடு கடந்து போயிருக்கலாம். அதனால் ஒலிப்பதிவுக் கலைஞர்களும் இயந்திரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர்களும் செய்தது ஒன்றே: வேகத்தை உச்சத்தில் பூட்டிவைத்தார்கள். நேரத்தை மின்சாரத்தால் விலைக்கு வாங்கியது போல.

இதற்கிடையில் சில்லுகளும் மாறின. டிரான்சிஸ்டர்கள் சிறுத்துக்கொண்டே வந்ததில், வேலை செய்யாதபோதும் கசியும் மின்சாரம் பெருகிற்று. மெதுவாக ஓடினால் கசிவு அதிக நேரம் நீடிக்கும். ஆகவே வேகமாக முடித்துவிட்டு ஆழ்ந்து உறங்குவதே மேல் என்ற வாதம் வலுப்பெற்றது. 1995-இன் கணக்கு இதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஓர் அளவுக்குக் கீழே வேகத்தைக் குறைப்பது நட்டம் என்று பின்வந்த ஆய்வுகள் திருத்தின. 2007-இல் வெளியான லினக்ஸ் 2.6.21, வேலையில்லாத செயலியை நொடிக்குப் பல நூறு முறை எழுப்பும் கடிகாரத் துடிப்பை நிறுத்த வழி செய்தது. உறக்கத்திலும் கெடுவுக்கு ஆபத்து உண்டு. எவ்வளவு ஆழமாக உறங்குகிறதோ, விழித்தெழ அவ்வளவு நேரம் ஆகும்.

இரு பகுதிகளும் சேர்தல்

1998-இல் இத்தாலியின் லூக்கா அபெனியும் ஜியோர்ஜியோ புட்டாசோவும் ஒரு பணி தன் பங்கைத் தாண்டிப் பிறர் நேரத்தைப் பறிக்காதபடி தடுக்கும் முறையை வகுத்தனர். கெடு முந்தியது முதலில் என்ற விதியின் பழைய பலவீனம் இதனால் அடங்கிற்று. பிசா நகரின் சாந்த் அன்னா உயர்கல்வி நிறுவனத்தைச் சூழ்ந்த ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி அனுப்பிய நிரல், 2014 மார்ச்சில் லினக்ஸ் 3.14-இல் சேர்ந்தது. இதில் ஒரு பணி தன் தேவையை மூன்று எண்களாகச் சொல்கிறது: ஓடத் தேவையான நேரம், கெடு, சுற்றின் நீளம். கொடுக்க இயலாத வாக்கைக் கெர்னல் ஏற்காது. பங்குகளின் கூட்டல் எல்லை மீறினால் பணியைத் தொடக்கத்திலேயே மறுத்துவிடும்.

2016-இல் லினக்ஸ் 4.7-உடன் வந்த 'ஷெட்யூட்டில்' கவர்னர் முதன்முறையாகப் பணி ஒதுக்கியின் கணக்கையே நேரடியாகப் படித்தது. விந்தை என்னவென்றால், மற்றப் பணிகளுக்கு அளந்து வேகம் கொடுத்த அது, காலக்கெடுப் பணி ஓடினால் மட்டும் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றியது. தேவையைத் துல்லியமாக எண்ணில் சொன்ன பணிக்கே அளவில்லாச் செலவு! பயன்படாத பங்கை மீட்டெடுக்கும் கணக்கு 2017-இல் 4.13 பதிப்பில் சேர்ந்தது. 2018-இன் 4.16 பதிப்பில் கவர்னர் அக்கணக்கைப் படித்து, காலக்கெடுப் பணிகளின் அப்போதைய பங்குக்கு ஏற்ற வேகத்தைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது.

வேலை அத்துடன் முடியவில்லை. 2011-இல் ஆர்ம் நிறுவனம் அறிவித்த பிக்-லிட்டில் அமைப்பில் பெரிய கருக்களும் சிக்கனமான சிறிய கருக்களும் ஒரே சில்லில் அமர்ந்தன. எப்பணியை எக்கருவில் வைத்தால் ஆற்றல் மிச்சமாகும் என்று கணக்கிடும் பகுதி 2019-இல் லினக்ஸ் 5.0-இல் சேர்ந்தது, ஆனால் அது சாதாரணப் பணிகளுக்கே. நிலையான முன்னுரிமை கொண்ட நிகழ்நேரப் பணிகள் தனியாக வரம்பு வைக்காவிட்டால் இன்றும் உச்ச வேகத்தையே கேட்கின்றன. அலைபேசியில் வேறொரு வழி திறந்தது. 2021-இன் ஆண்ட்ராய்டு 12 முதல், ஒரு விளையாட்டு நிரல் தன் படத்தை எத்தனை நேரத்தில் முடிக்க வேண்டும் என்பதையும் உண்மையில் எவ்வளவு ஆனது என்பதையும் இயங்குதளத்திடம் தெரிவிக்கலாம்.

கடுமையான நிகழ்நேரத்துக்கான மாற்றங்களை லினக்ஸில் சேர்க்கும் முயற்சி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து 2024 நவம்பரின் 6.12 பதிப்பில் முழுமை பெற்றது. அதை நிறுவும் தொழிற்சாலைப் பொறியாளர்களுள் பலர் இன்றும் முதலில் செய்வது, செயலியின் வேகத்தைப் பூட்டுவதும் ஆழ்ந்த உறக்கத்தைத் தடுப்பதும்தான்.