ஹட்சன் நதியும் வலைஞர் அறிவும்

ஆறுகளின் வரலாறு பெரும்பாலும் ஆண்டவர்களின் பெயராலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. அணை கட்டியவனின் பெயர் கல்லிற் பொறிக்கப்பட்டது. அந்நீரின் நிறமும் மணமும் மாறிய நாளை முதலிற் கண்டவனின் பெயர் எங்குமில்லை. நான் வகுப்பிற் கற்பிக்கும் மருதத்திணைப் பாடல்களிலே கெண்டையும் ஆரலும் வாளையும் மலிந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறிந்து பெயரிட்டவன் புலவனல்லன், வலைஞனே என்பது என் எண்ணம். அத்தகைய அறிவைச் சட்டத்தின் முன் சான்றாக்கிய உழைப்பாளரின் வரலாறொன்று அமெரிக்காவின் ஹட்சன் நதிக்கரையிலே நிகழ்ந்தது.

நியூயோர்க் நகருக்கு வடக்கே குறோட்டன் என்னுமிடத்திலிருந்த புகையிரதத் தளத்தின் குழாயொன்று எண்ணெய்க் கழிவை நதியிற் கொட்டி வந்தது. பிடிபட்ட ஷாட் மீனில் எண்ணெய் நாறியது, சந்தையில் வாங்குவாரில்லை. 1966 மார்ச் மாதத்திலே மீனவரும் தச்சரும் கூலியாட்களும் அவ்வூர்ப் பக்கத்து மண்டபமொன்றிற் கூடினர். அவர்களுள் முன்னாட் போர்வீரரும் பலர். குழாயை அடைத்துவிடலாம், எண்ணெய்ப் படலத்துக்குத் தீ வைக்கலாம் என்றெல்லாம் ஆத்திரத்துடன் யோசனைகள் எழுந்தன. (அந்த ஆத்திரத்தை நான் குறைகூற மாட்டேன்.) அப்போது றொபேட் பொயில் என்னும் பத்திரிகை எழுத்தாளர், தாமும் தூண்டில் போடுபவர், பழைய சட்டமொன்றை எடுத்துரைத்தார். 1899இல் இயற்றப்பட்ட அச்சட்டம் கப்பலோடும் நீர்நிலைகளிற் கழிவு கொட்டுவதைத் தடைசெய்திருந்தது. அதுமட்டுமன்று, குற்றத்தைத் தெரிவிப்போனுக்கு அபராதத்திற் பாதியை வழங்கவும் அதில் இடமிருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஏட்டில் இருந்த இந்த உரிமையை அம்மக்களுக்கு எடுத்துச் சொன்னார் எவருமில்லை.

ஹட்சன் நதி மீனவர் சங்கம் இவ்வாறு பிறந்தது. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவர் குழாயிலிருந்து என்ன வழிகிறது என்பதைக் கண்டவர் எழுதியனுப்ப அஞ்சலட்டைகள் அச்சிடப்பட்டன. பெருமூச்சாக இருந்தது குறிப்பாயிற்று, குறிப்பு சாட்சியாயிற்று. குறோட்டன் குழாய் மூடப்பட்டது. பின்னர் பென் சென்றல் எனப் பெயர்பெற்ற அப்புகையிரதக் கொம்பனி தொடர்பான வழக்கிலே சங்கத்துக்கு 2,000 டொலர் சன்மானமும் கிடைத்தது.

இதனை வெற்றிக்கதையாகச் சொல்லி முடிப்பது எளிது. உண்மை அவ்வளவு இனியதன்று. நதியின் மேற்பகுதியிலே ஜெனரல் இலெக்றிக் கொம்பனியின் இரு தொழிற்சாலைகள் 1947 முதல் 1977 வரை பீ.சி.பி. எனப்படும் இரசாயனத்தை நீரிற் சேர்த்து வந்தன. அதன் அளவு 13 இலட்சம் இறாத்தல் வரை இருக்கலாம் என மதிப்பிடப்பட்டுள்ளது. எண்ணெயை மூக்கு அறியும். நதியடிச் சேற்றிற் படிந்து, மீனின் கொழுப்பிற் சேரும் இந்த நஞ்சைக் கண்ணும் அறியாது, நாவும் அறியாது, ஆய்வுகூடமே அறியும். மீனவரின் பரம்பரை அறிவு இங்கே தோற்றது. 1976இல் அரசு தடைவிதித்தது. யார்மீது? முதலிற் பிழைப்பை இழந்தோர், வரியுடல் கொண்ட பாஸ் மீனைப் பிடித்து விற்றவர்களே. கொம்பனி சேற்றை அகழ்ந்தெடுக்கத் தொடங்கியது 2009இல். அப்பணி 2015 வரை நீடித்தது. இடைப்பட்ட காலத்திலே ஒரு தலைமுறை கரையேறிவிட்டது.

ஆகவே, கண்ணறிவோடு கருவியறிவும் மக்கள் கைக்கு வரவேண்டியிருந்தது. சங்கத்தின் வழிவந்த ‘ஆற்றுக்காவலர்’ அமைப்பு, 2006 முதல் பல்கலைக்கழக விஞ்ஞானிகளுடன் சேர்ந்து நீரைச் சோதித்து வருகிறது. கிளையாறுகளிலே தொண்டர்கள் போத்தல்களில் நீர் எடுக்கின்றனர். கழிவுநீர்க் கிருமிகள் எண்ணப்படுகின்றன. பெருமழைக்குப் பின்னர் அத்தொகை ஏறுவதை அவர்களே பட்டியலிற் காண்கின்றனர்.

2008இல் மாநில அரசின் ஆதரவோடு தொடங்கிய விலாங்குக் கணக்கெடுப்பு, ஆசிரியனாகிய என்னை இன்னும் கவர்கிறது. சர்காசோக் கடலிற் பிறந்த விலாங்குக் குஞ்சுகள், கண்ணாடிபோல் உடல் ஊடுதெரிய, வசந்தகாலத்தில் ஓடைகளுக்குள் ஏறுகின்றன. நமது யாழ்ப்பாணக் கடனீரேரியிற் காணும் சிறகுவலையை ஓரளவு ஒத்த வலையை ஓடைவாயில் விரித்து, மாணவரும் ஊரவரும் குளிர்நீரில் இறங்குகின்றனர். பிடிபட்ட குஞ்சுகளை எண்ணுகின்றனர், நிறுக்கின்றனர், தொகையைப் பதிகின்றனர். பின்னர் வாளிகளிற் சுமந்து சென்று, பழைய அணைகளுக்கு மேலேயுள்ள நீரில் அவற்றை விட்டுவிடுகின்றனர்.