மருந்தாளர் மனச்சாட்சியும் மக்கள் மருந்தும்

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூரிலிருந்து நோக்கினால் இரவில் திருகோணமலையின் விளக்குகள் தெளிவாகத் தெரியும். கண்ணுக்கு அண்மையிலிருந்த அந்நகர் காலுக்கு நெடுங்காலம் தொலைவாகவே இருந்தது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, இப்பகுதி மக்கள் ‘பாதை’ என வழங்கும் மிதவைகளில் ஏறியிறங்கியே தரைவழி செல்லவேண்டும். அன்றேல் லோஞ்சு புறப்படும் வேளை பார்த்துத் துறையிற் காத்திருக்கவேண்டும். இத்தகைய ஊர் ஒன்றில் மருந்துக் கடைக்காரர் சொல்லும் ‘இல்லை’ என்ற சொல்லுக்குக் கொழும்பில் இல்லாத பாரம் உண்டு. கொழும்பில் அது அடுத்த தெருவுக்குச் செல் என்பதாகும். இங்கே ஒரு நாட்கூலியை இழந்துவிடு என்பதாகும்.

மருந்து தீர்ந்துபோனமையாற் சொல்லப்படும் ‘இல்லை’ வேறு. கொடுக்க விருப்பமின்மையாற் சொல்லப்படும் ‘இல்லை’ வேறு. வாங்க வந்தவருக்கு இரண்டும் ஒரே ஒலியாகவே கேட்கும். இதுவே இப்பிரச்சினையின் வரலாற்றை எழுதப் புகுவோருக்கு முதல் இடர்ப்பாடு. மறுப்பு எங்கும் பதிவாவதில்லை.

பதிவான வழக்கு ஒன்று பிரான்சிலே உண்டு. 1995 யூன் மாதத்தில், போர்தோ நகருக்கு அண்மையிலுள்ள சால்பெஃப் என்ற சிற்றூரில் மூன்று பெண்கள் வைத்தியர் எழுதிய சிட்டையுடன் மருந்தகத்துக்குச் சென்றனர். சிட்டையில் இருந்தவை கருத்தடை மாத்திரைகள். மருந்தகத்தின் உரிமையாளர் இருவரும் தம் சமய நம்பிக்கையைக் காட்டி அவற்றை விற்க மறுத்தனர். பிரெஞ்சு நீதிமன்றங்கள் அவர்களைக் குற்றவாளிகளெனக் கண்டன. அவர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை சென்றனர். 2001 ஒக்டோபரில் அந்நீதிமன்றம் அவர்களது முறைப்பாட்டை ஏற்க மறுத்தது. அது காட்டிய நியாயம் நுணுக்கமானது: சட்டம் இம்மருந்தை மருந்தகத்தில் மட்டுமே விற்க அனுமதிக்கிறது, அவ்வாறிருக்க, விற்பவர் தமது நம்பிக்கைக்கு முதலிடம் கொடுத்து அதனைப் பிறர்மேற் சுமத்த முடியாது. கடைக்கு வெளியே தம் நம்பிக்கைப்படி வாழவும் பேசவும் அவர்களுக்குத் தடையில்லை.

இவ்விடத்திற் சற்றுத் தரித்து நோக்குதல் வேண்டும். மருந்தாளரின் உரிமம் ஏனைய வணிகரின் உரிமம் போன்றதன்று. துணிக்கடைக்காரர் ஒரு சேலையை விற்க மறுத்தால் வேறு எவரும் அதனை விற்கலாம். சிட்டைக்குரிய மருந்தையோ, நம் நாட்டின் 2015 ஆம் ஆண்டு 5 ஆம் இலக்கச் சட்டமும் அதற்கு முந்திய சட்டங்களும் எல்லார் கையிலும் விடவில்லை. மக்களின் பாதுகாப்புக்காக ஏனைய கதவுகளையெல்லாம் அடைத்து, ஒரு கதவின் திறப்பை மட்டும் பயிற்சி பெற்ற ஒருவரிடம் சமுதாயம் ஒப்படைத்திருக்கிறது. அவரது மனச்சாட்சி அவருடையதே. திறப்பு அவருடையதன்று.

அயர்லாந்தின் கதை இன்னும் கசப்பானது. 1935 ஆம் ஆண்டுச் சட்டம் கருத்தடைச் சாதனங்களின் விற்பனையையும் இறக்குமதியையும் அங்கு தடைசெய்தது. டப்ளின் பகுதிக் கடற்கரையில் மீன்பிடித்து வாழ்ந்த ஒருவரின் மனைவி, மகீ என்பவர், கர்ப்பகாலத்திற் கடும் நோயுற்று உயிராபத்தைக் கண்டவர். இன்னுமொரு கர்ப்பம் ஆகாது என வைத்தியர் எச்சரித்தனர். அவருக்கென இங்கிலாந்திலிருந்து வந்த மருந்தைச் சுங்கத்தினர் பறித்தனர். 1973 திசம்பரில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் அதனைத் தொடர்ந்து வந்த 1979 ஆம் ஆண்டுச் சட்டம் என்ன செய்தது? ஆணுறைக்குங்கூட வைத்தியர் சிட்டை வேண்டும் என்றது. மருந்தகத்திலேயே விற்கவேண்டும் என்றது. அதே மூச்சில், விரும்பாத எவரும் விற்கவேண்டியதில்லை என்றும் விதித்தது. ஒரு கையாற் கதவைத் திறந்து மறு கையாற் பூட்டிய இச்சட்டம் 1985 இலேதான் தளர்த்தப்பட்டது. மூதூர் மீனவர் குடும்பத்துப் பெண்ணொருத்தி இக்கதையைக் கேட்டால், அயர்லாந்து எங்கேயுள்ளது என்று வினவுமுன்னரே அது விளங்கிவிடும்.

நம் நாட்டிலே மருந்தும் நம்பிக்கையும் ஒரே கையிலிருந்து வந்த காலம் ஒன்றிருந்தது. 1819 இல் இலங்கை வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலும், 1847 இல் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயிலும் மருத்துவப் பணி புரிந்தனர். மிஷன் மருந்துச்சாலைகளில் வேதவாசிப்பும் செபமும் மருந்தோடு ஒட்டியே நடைபெற்றன. வேற்றுச் சமயத்தவருக்கு மருந்து மறுக்கப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். பிரசங்கத்தைக் கேட்டிருப்பது மட்டுமே அதற்கு விலையாக இருந்தது. எனினும் கிறீன் மேலைமருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலாய நூல்களைத் தமிழில் வெளிக்கொணர்ந்தமையால், அவ்வறிவு மிஷனின் மதிலைத் தாண்டியது. தமிழ் கற்பிக்கும் நம்மவர் பலருக்கு இந்நூல்களின் பெயர்கூடத் தெரியாதிருப்பது வருந்தத்தக்கது.

அதே மிஷனின் பணிக்கென 1896 இல் கனடாவிலிருந்து வந்தவர் டொக்டர் மேரி. இரட்ணம் என்ற தமிழரை அவர் மணந்துகொண்டமை மிஷனாருக்குப் பிடிக்கவில்லை, தொடர்பு அறுந்தது. நம்பிக்கை உடையோரின் கதவு தம்மை நோக்கி மூடப்படுவது எவ்வாறிருக்கும் என்பதை அவர் சொந்த வாழ்விலே அறிந்தவர். கொழும்பிற் பெண்களுக்கு வைத்தியம் பார்த்த மேரி இரட்ணம், 1937 இல் இந்நாட்டின் முதலாவது கருத்தடை நிலையம் தோன்றுவதற்குக் காரணராயிருந்தார். எதிர்ப்பு வலுவாகவே இருந்தது. 1953 இல் குடும்பத்திட்டச் சங்கம் நிறுவப்பட்டது. சில்வியா பெர்னாண்டோ, டொக்டர் சிவா சின்னத்தம்பி ஆகிய பெண்கள் அதன் தூண்களாயினர். 1951 இல் அரசாங்க வைத்தியசாலைக் கட்டணம் ஒழிக்கப்பட்டிருந்தது. 1965 இல் குடும்பத்திட்டம் அரசாங்கச் சுகாதார சேவையுடன் இணைந்தபோது, மருத்துவ மாது வீடுதேடி வந்து இலவசமாகக் கொடுக்கும் பொருள்களுள் கருத்தடையும் ஒன்றாயிற்று. 1973 இல் ‘பிரீத்தி’ என்ற பெயரில் ஆணுறை சாதாரணப் பலசரக்குக் கடைகளுக்கும் வந்தது.

இவ்வரலாற்றிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இங்கே எவரும் மருந்தாளரின் மனச்சாட்சியோடு வழக்காடவில்லை. அவரது கடைக்குப் புறம்பாக வேறு கதவுகளைத் திறந்தார்கள். டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பேராசிரியர் சேனக்க பிபிலேயும் 1971 இல் அளித்த அறிக்கையும், அவ்வாண்டு தோன்றிய அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும் வேறொரு பிடியைத் தளர்த்த முயன்றவை. அது கம்பனிகளின் பிடி. அதனை இங்கு விரித்துரைக்க இடமில்லை.

அரசாங்கத்தின் கதவு என்றும் நல்ல கதவாகவே இருந்தது எனச் சொல்வதற்கில்லை. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு 500 ரூபா கொடுக்கப்பட்டபோது, மலையகத் தோட்டங்களில் அது சலுகையா நெருக்குதலா என்ற கேள்வி எழுந்தது. 2013 ஆகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்து வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களின் பெண்களுக்கு முறையான விளக்கமும் சம்மதமுமின்றிக் கையில் கருத்தடைக் குச்சிகள் பொருத்தப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. வேண்டியவளுக்கு மறுப்பவரும் வேண்டாதவளுக்குத் திணிப்பவரும் அவளிடம் கேட்பதில்லை. இனப்பகை இதனுட் புகும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்து உணவிலே மலடாக்கும் மாத்திரை கலந்திருப்பதாக வதந்தி பரப்பிக் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினர். பரிசோதித்த அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் கண்டது மாக்கட்டியையே. அத்தகைய மாத்திரை உலகில் எங்குமில்லை என்பதை அறியப் பாடசாலை விஞ்ஞானமே போதும். அதனை நாம் ஒழுங்காகக் கற்பித்தோமா என்பது நம் வகுப்பறைகளை நோக்கிய கேள்வி.

கடலுக்கு அப்பாலுள்ள தமிழகத்தையும் நோக்குவோம். தென்னாட்டிலே சுயமரியாதை இயக்கம் 1930களிலேயே கர்ப்பத்தடையைப் பெண்விடுதலையின் பகுதியாகப் பகிரங்கமாகப் பேசியது. ஆனால் 2005 இல் இந்திய மத்திய அரசு வைத்தியர் சிட்டையின்றி விற்க அனுமதித்த அவசரக் கருத்தடை மாத்திரை, அதே தமிழகத்தின் மருந்துக் கடைகளிற் பெரும்பாலும் வைக்கப்படுவதில்லை. தடைச்சட்டம் வேண்டியிருக்கவில்லை. விளம்பரங்கள் பற்றிய அதிகாரிகளின் ஆட்சேபம், கடைக்காரரின் ஒழுக்க எண்ணம், ஊர்ப்பேச்சுக்கு அஞ்சும் அச்சம் ஆகியவை ஒன்றுகூடி ‘இல்லை’ என்ற சொல்லை ஆக்கிவிட்டன.

மூதூருக்குத் திரும்புவோம். இங்கு மருத்துவ மாது உண்டு, கிளினிக் உண்டு, ஆதார வைத்தியசாலை உண்டு. இவை சிறிய பேறுகள் அல்ல. ஆயினும் மருத்துவ மாதின் பதிவேடு குடும்பங்களின் பதிவேடாகவே பிறந்தது. மணமான பெண்ணின் பெயர் அதிலுண்டு. மணமாகாதவள், கணவன் வெளிநாட்டிலிருக்க ஊரார் கண்ணுக்கு அஞ்சுபவள், வன்செயலுக்கு ஆளாகி அதனை எவரிடமும் சொல்லமுடியாதவள் ஆகியோருக்கு எஞ்சியிருப்பது மருந்துக் கடைப் பலகை ஒன்றே. பலகையின் மறுபுறம் நிற்பவர் அவளது மாமனின் சிநேகிதராக இருக்கலாம்; பொருளைப் பழைய பத்திரிகையிற் சுற்றிக் கொடுக்கும் கைதான் அவளை ஏறிட்டும் பார்க்கும். சிற்றூரில் மறுப்பதற்கு வாய் வேண்டியதில்லை.

மறுக்கும் மருந்தாளரை நாம் கொடியவராகக் காணவேண்டியதில்லை. அவரும் அவ்வூரில் வாழவேண்டியவர். அவருக்கும் கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ உண்டு. கொடுக்க மனமில்லையெனில், கடையில் வேறொருவர் கொடுக்க ஒழுங்குசெய்யலாம்; இன்ன இடத்திற் கிடைக்கும் என்றாவது உண்மை சொல்லலாம். இருப்பதை இல்லையென்பது எந்தச் சமயத்தின் கட்டளையும் அன்று.

அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள் உட்கொள்ளவேண்டும். முந்துந்தோறும் பயன் கூடும். அதன்பின் கர்ப்பம் தரித்தால், தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பைக் குற்றமாக்கும் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 303 ஆம் பிரிவு அவளுக்காகக் காத்திருக்கிறது. அப்பிரிவைத் தளர்த்த 1995 இலும் 2017 இலும் எடுத்த முயற்சிகள் எதிர்ப்பினால் நின்றுபோயின. வெள்ளி மாலை மூதூரில் ‘இல்லை’ என்று கேட்டவள், சனி காலை பேருந்தேறித் திருகோணமலையை அடைந்து, முகமறியாத கடையொன்றைத் தேடவேண்டும். இன்று பாலங்கள் இருக்கின்றன. போவதற்கு வீட்டிலே என்ன காரணம் சொல்வாள்?