ஃபுகாசி இசைக்குழுவின் ஒலி வளர்ச்சி

தோற்றுவாய்

புகழ் பெற்ற இசைக்குழு ஒவ்வொன்றையும் ஓர் இடர்ப்பாடு எதிர்நோக்கி நிற்கும். எந்தப் பாட்டினால் மக்கள் அக்குழுவை அறிந்தார்களோ அந்தப் பாட்டையே மீண்டும் மீண்டும் கேட்க அவர்கள் விரும்புவர். அவ்விருப்பத்திற்கு இணங்கினால் கலை தேங்கும். இணங்காவிடின் வருவாய் குறையும். அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் 1987ஆம் ஆண்டு மேடையேறிய ஃபுகாசி என்னும் ராக் இசைக்குழு இவ்விடர்ப்பாட்டை எவ்வாறு கடந்தது என்பது ஊன்றிக் கற்கத்தக்க செய்தியாகும். பதினைந்து ஆண்டுகள் மேடையில் நிலைத்த அக்குழு, தன் நடைமுறை விதிகளை விடாது காத்தது. ஒலியையோ இசைத்தட்டுக்கு இசைத்தட்டு மாற்றிக்கொண்டே சென்றது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றலாம். ஆயினும், முன்னதே பின்னதற்கு இடமளித்தது என்பதை அதன் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

விளைநிலம்

1970களின் நடுப்பகுதியில் நியூயார்க், இலண்டன் ஆகிய நகரங்களில் பங்க் இசை தலையெடுத்தது. பெரும் அரங்கு, பகட்டான ஒப்பனை, நீண்ட கிட்டார் ஆலாபனை ஆகியவற்றை அது ஒதுக்கியது. இரண்டு மூன்று சுரக்கூட்டுகளை மட்டுமே அறிந்த இளைஞரும் மேடையேறலாம் என்னும் துணிவை அது தந்தது. அவ்விசையை மேலும் விரைவாகவும் கடுமையாகவும் ஆக்கி அமெரிக்க இளைஞர்கள் வளர்த்த வகையே ஹார்ட்கோர் எனப்பட்டது. வாஷிங்டனில் அதற்கு வழிகாட்டியவர்கள் பேட் பிரெய்ன்ஸ் குழுவினர். ஜாஸ் கலந்த இசையில் பயின்ற கறுப்பினத்தவர் நால்வர் சேர்ந்த அக்குழு, மின்னல் விரைவில் ஒரு பாடலையும், அமைதியான ரெகே நடையில் மற்றொரு பாடலையும் அடுத்தடுத்து இசைத்தது.

அவர்களைக் கண்டு ஊக்கம் பெற்ற பள்ளி மாணவர்களுள் ஒருவர் இயன் மக்காய். அவர் இடம்பெற்ற டீன் ஐடில்ஸ் என்னும் குழு 1979இல் தொடங்கி, 1980இல் கலைந்தது. நிகழ்ச்சிகளில் ஈட்டிய பணத்தை அவ்விளைஞர்கள் பங்கிட்டுக்கொள்ளவில்லை. தங்கள் பாடல்களை இசைத்தட்டாக்கும் செலவுக்கே அதனைப் பயன்படுத்தினர். 1980ஆம் ஆண்டு டிஸ்கார்டு என்னும் இசைத்தட்டு நிறுவனம் இவ்வாறே பிறந்தது. முதல் தட்டின் உறைகளை அவர்கள் தம் கையாலேயே வெட்டி, மடித்து, ஒட்டினர். பிற்காலத்தில் பல நாடுகளிலும் அறியப்பட்ட அந்நிறுவனம், வாஷிங்டன் வட்டாரக் குழுக்களின் இசையை மட்டுமே வெளியிடுவது என்னும் வரையறையை வகுத்துக்கொண்டது. குழுக்களோடு எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்வதும் அதன் வழக்கமன்று.

மக்காயின் அடுத்த குழுவான மைனர் திரெட் 1980 முதல் 1983 வரை இயங்கியது. அதன் பாடல்களுள் பல இரண்டு நிமிடத்திற்குள் முடிந்துவிடும். மதுவையும் போதைப்பொருளையும் விலக்கி வாழ்வது என்னும் கருத்தை அக்குழுவின் பாடலொன்று முன்வைத்தது. எவரும் எதிர்பாராத வகையில் அஃது உலகின் பல பகுதிகளில் இளைஞர் இயக்கமாகவே பரவிற்று. 1983 செப்டம்பரில் நடைபெற்ற அக்குழுவின் இறுதி நிகழ்ச்சியில், டிரபிள் ஃபங்க் என்னும் கறுப்பினக் குழுவும் அதே மேடையில் இசைத்தது. அக்குழு இசைத்தது கோ-கோ எனப்படும் வாஷிங்டன் நகரத்துக்கே உரிய நடன இசை. தாளக் கருவிகளை இடைவிடாது முழக்கி, ஒரு பாடலிலிருந்து மற்றொன்றுக்கு ஓட்டம் தடைப்படாமல் செல்வது அதன் இயல்பாகும். வேகமே இசை என்று கருதிய இளைஞர்கள், தாளமும் இசையே என்பதை உணரும் சூழல் அந்நகரில் இருந்தது.

திருப்புமுனை

வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. 1980களின் நடுப்பகுதிக்குள் ஹார்ட்கோர் அந்த எல்லையைத் தொட்டுவிட்டது. நிகழ்ச்சிகளில் கைகலப்பு மலிந்தது. இசையைக் கேட்க வந்தோரைவிட இடித்து மோத வந்தோர் மிகுந்தனர். இந்நிலையை மாற்ற விரும்பிய வாஷிங்டன் இளைஞர்கள் 1985ஆம் ஆண்டுக் கோடையில் புதிய குழுக்களாக இயங்கினர். அக்காலம் 'புரட்சிக் கோடை' என இசை வரலாற்றில் குறிக்கப்படுகின்றது. அக்குழுக்களுள் முதன்மையானது ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங். அதில் பாடியவர் கய் பிச்சியோட்டோ. டிரம்ஸ் வாசித்தவர் பிரெண்டன் கான்டி. சமுதாயத்தின்மீது சினந்து முழங்குவதை விட்டு, இழப்பு, ஏக்கம், நினைவு ஆகிய அகவுணர்வுகளை அவர்கள் பாடினர். ஹார்ட்கோரின் ஆற்றலைக் கைவிடாமல் அதன் இறுகிய வடிவத்தை மட்டும் தளர்த்திய இம்முயற்சிகளே, 'போஸ்ட்-ஹார்ட்கோர்', அதாவது ஹார்ட்கோருக்குப் பிந்திய இசை, என்று பெயர் பெற்றன.

ஒலியின் முதற்கட்டம்

மக்காயும் கான்டியும் பேஸ் கிட்டார் கலைஞர் ஜோ லாலியோடு இணைந்து அமைத்த குழு, 1987 செப்டம்பர் 3ஆம் நாள் வாஷிங்டனில் முதன்முதலாக மேடையேறியது. வியட்நாம் போரில் ஈடுபட்ட படைவீரர்களின் கொச்சை வழக்கிலிருந்து 'ஃபுகாசி' என்னும் பெயர் எடுக்கப்பட்டது. சீர்கெட்டுப்போன நிலைமை என்பது அதன் பொருள். சிறிது காலத்தில் பிச்சியோட்டோவும் பாடகராகச் சேர்ந்தார். அதன்பின் நால்வரும் இறுதிவரை பிரியவே இல்லை.

1988, 1989 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த முதல் இரு சிறுதட்டுகளில், மைனர் திரெட்டின் வேகத்தை எதிர்பார்த்தவர்கள் வேறொன்றைக் கேட்டனர். பாடலை நடத்திச் சென்றது கிட்டார் அன்று, பேஸ் கிட்டார். ரெகே இசையின் ஒரு கிளையாகிய டப் இசையில் காணப்படும் வெற்றிடங்களை லாலியின் வாசிப்பில் உணரலாம். இசை ஓரிடத்தில் திடீரென நிற்கும். கேட்போர் மூச்சைப் பிடித்துக் காத்திருக்க, மறுபடியும் வெடித்து எழும். ஓசையின்மையையும் இசையின் ஓர் உறுப்பாக ஆண்டமையே ஃபுகாசி செய்த முதற்புதுமை எனலாம்.

1990இல் வெளிவந்த ரிப்பீட்டர் என்னும் இசைத்தட்டில் பிச்சியோட்டோவும் கிட்டார் ஏந்தினார். ஒரு கிட்டார் கேள்வி கேட்க மற்றொன்று விடை கூறுவது போன்ற பின்னல் அதனால் உருவாயிற்று. ஒலிபெருக்கியின் எதிரொலியால் எழும் கீச்சொலியைக்கூட அவர்கள் குறையாகக் கருதாமல் கருவியாக்கிக் கொண்டனர். மேடையில் இன்ன பாடலுக்குப்பின் இன்ன பாடல் என்னும் பட்டியலும் அவர்களுக்குக் கிடையாது. ஒருவர் தொடங்கும் குறிப்பை உணர்ந்து மற்றவர் தொடர்வர். ஒருவர் வாசிப்பை ஒருவர் உற்றுக் கேட்கும் இப்பயிற்சியே பிந்திய மாற்றங்களுக்கு அடித்தளமாயிற்று.

மாறாத விதிகள்

அக்குழுவின் விதிகள் சில, ஆனால் உறுதியானவை. அமெரிக்காவில் நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் 5 வெள்ளிதான். எவ்வயதினரும் நிகழ்ச்சிக்கு வரலாம். மது விற்கும் இடம் என்று கூறிச் சிறுவரைத் தடுத்தல் கூடாது. குழுவின் பெயர் பொறித்த சட்டை முதலிய பொருள்களை அவர்கள் விற்பதில்லை. மேலாளரும் இல்லை, நிகழ்ச்சிகளை மக்காயே ஏற்பாடு செய்வார். அவையில் எவரேனும் பிறரைத் தாக்கினால் பாடலை நிறுத்தி அறிவுரை கூறுவர்; கேளாதவரிடம் அவருடைய 5 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவர். 1991 சனவரியில் வளைகுடாப் போரை எதிர்த்து வெள்ளை மாளிகையின் எதிரேயுள்ள லஃபாயெட் சதுக்கத்தில் திறந்த வெளியில் இசைத்தனர்.

அதே 1991ஆம் ஆண்டில் நிர்வாணா என்னும் குழு பெருவெற்றி கண்டது. அதன்பின், பெரும் இசைத்தட்டு நிறுவனங்கள் சிறு குழுக்களை நாடி வந்தன. டிஸ்கார்டு நிறுவனத்திலிருந்த ஜாபாக்ஸ், ஷடர் டு திங்க் ஆகிய குழுக்கள் அந்நிறுவனங்களுக்குச் சென்றன. அவர்களது முடிவைக் குறை கூறுவதற்கில்லை. பெரிய அரங்கை நாடுவதும் கலைஞனின் உரிமையே. ஆயினும் ஜாபாக்ஸ் 1997இல் கலைந்துவிட்டது. ஃபுகாசி டிஸ்கார்டிலேயே நின்றது. செலவு குறைவாக இருந்தமையால் கடன் இல்லை. கடன் இல்லாமையால், முன்பு விற்ற பாட்டைப் போலவே மற்றொன்று வேண்டும் என்று அவர்களை நெருக்குவோரும் இல்லை. விதிகளின் உண்மையான பயன் இதுவேயாகும்.

ஒலியின் இரண்டாம் கட்டம்

இவ்வுரிமையை அவர்கள் எங்ஙனம் பயன்படுத்தினர் என்பதற்கு 1992ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். புகழ் வாய்ந்த ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினியிடம் சிகாகோ நகரில் அவர்கள் பாடல்களைப் பதிவு செய்தனர். கேட்டபோது மனநிறைவு ஏற்படவில்லை. அப்பதிவை ஒதுக்கிவிட்டு, வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டனில் டான் சியன்டாரா நடத்திய இன்னர் இயர் ஒலிப்பதிவுக் கூடத்தில் மீண்டும் பதிவு செய்தனர். சியன்டாரா தம் வீட்டின் நிலவறையில் தொடங்கிய அக்கூடத்திலேதான் அந்நகரத்து ஹார்ட்கோர்க் குழுக்கள் பல தம் முதல் பதிவுகளைச் செய்திருந்தன. அங்கு உருவான இன் ஆன் த கில் டேக்கர், 1993இல் வெளிவந்து, அமெரிக்காவின் முதல் 200 இசைத்தட்டுகளின் பட்டியலில் இடம்பெற்றது.

அவ்வெற்றியைத் தொடர்ந்து, அதே முழக்கத்தை மேலும் பெருக்கியிருந்தால் எவரும் வியந்திருக்கமாட்டார்கள். 1995இல் வெளிவந்த ரெட் மெடிசின் எதிர்த்திசையில் சென்றது. ஒலிப்பதிவை மேற்பார்க்கும் பொறுப்பைக் குழுவினரே ஏற்றனர். வீட்டில் பதிந்த துண்டு ஒலிகளைப் பாடல்களிடையே சேர்த்தனர். ஒரு பாடலில் கிளாரினெட்டும் ஒலித்தது. 1998இன் எண்ட் ஹிட்ஸில் நீண்ட, மெதுவான பாடல்கள் வந்தன. 2001இல் வெளியான தி ஆர்கியூமெண்ட் இவ்வளர்ச்சியின் முடியாகும். செல்லோ என்னும் நரம்புக் கருவியும், மற்றொருவர் வாசித்த இரண்டாம் டிரம்ஸும், பெண்குரல்களும் அதில் இணைந்தன. முழங்கித் தொடங்கிய குழு மெல்லிய குரலில் பாடவும் கற்றுக்கொண்டது. எனினும், பேஸ் கிட்டார் நடத்திச் செல்லும் நடையையும், திடீரென வந்து நிற்கும் அமைதியையும் கேட்போர், முதல் தட்டின் குழுவே இது என்பதைத் தயக்கமின்றி அறிவர்.

இந்த மாற்றத்திற்கு விலை இல்லாமற் போகவில்லை. தொடக்ககாலப் பாடல்களின் வேகத்தை மட்டுமே விரும்பியோருக்குப் பிந்திய தட்டுகள் அந்நியமாயின. பல திங்கள் ஊர் ஊராகச் செல்லும் வாழ்க்கையும் குடும்பப் பொறுப்புகளும் ஒத்துவரவில்லை. 2002 நவம்பரில் இலண்டனில் இசைத்தபின் அவர்கள் கால வரையறையின்றி ஓய்வு கொண்டனர்.

முடிவுரை

ஓய்வு இசைக்கு முற்றுப்புள்ளி ஆகவில்லை. லாலியும் கான்டியும் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஒருவரோடு சேர்ந்த மெஸ்தெடிக்ஸ் குழுவின் முதல் தட்டு 2018இல் வந்தது. மக்காயும் லாலியும் இடம்பெற்ற கொரிக்கி குழுவின் தட்டு 2020இல் வெளியாயிற்று. இன்னர் இயர் கூடம் இருந்த இடத்தை வட்டார அரசு கையகப்படுத்தியமையால் அது 2021இல் மூடப்பட்டது. ஆயினும் ஃபுகாசி மேடையில் இசைத்த நிகழ்ச்சிகளின் பதிவுகள், 800க்கும் மேற்பட்டவை, 2011 டிசம்பர் முதல் பொதுமக்களுக்குக் கிடைக்கத் தொடங்கின. ஒரு நிகழ்ச்சிக்கு அவர்கள் பரிந்துரைத்த விலை அன்றும் 5 வெள்ளியே.

தன் இயல்பைக் காப்பதென்றால் பழையதையே திரும்பச் செய்வது என்று எண்ணுவோர் உளர். வளர்ச்சியென்றால் கொள்கையைத் தளர்த்துவது என்று எண்ணுவோரும் உளர். இவ்விரு கருத்தும் பொருந்தா என்பதை வாஷிங்டன் நகரத்து இந்நால்வரின் வரலாறு மெய்ப்பிக்கின்றது. எதனை மாற்றக் கூடாது என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது. ஆகவே, எஞ்சியவற்றையெல்லாம் அச்சமின்றி மாற்ற அவர்களால் இயன்றது.