சுவரில் விரிசல்: கியாருல் ஐப் முதல் ரெரா வரை

விற்ற பொருளில் மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால், வாங்கியவர் அதைத் திருப்பித் தரலாம். ஃபிக்ஹு நூல்கள் இவ்வுரிமையை ‘கியாருல் ஐப்’ என்கின்றன. பொருள் கைக்கு வருமுன்பே அக்குறை இருந்திருக்க வேண்டும். காலக்கெடுவில்தான் மத்ஹபுகள் வேறுபட்டன. ஷாஃபிஈ மத்ஹபில், அறிந்தவுடன் திருப்ப வேண்டும். காரணமின்றித் தாமதித்தால் உரிமை போய்விடும். ஹனஃபீ மத்ஹபில் அவ்வளவு அவசரமில்லை. ஆயினும் அறிந்தபின் பொருளை ஏற்று ஆண்டுவந்தால் அது சம்மதமாகிவிடும்.

நம் நாட்டில் அடுக்குமாடி வீடு வாங்கியோருக்கு இத்தகைய தெளிவான கெடு நெடுங்காலம் இருந்ததில்லை. 2014 ஜூன் 28 அன்று, காஞ்சிபுரம் மாவட்டம் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அருகிலிருந்த இணைக் கட்டடம் 2016 நவம்பரில் தகர்க்கப்பட்டது. அவ்வாண்டில்தான் ‘ரெரா’ எனப்படும் ரியல் எஸ்டேட் சட்டமும் நிறைவேறிற்று. அதன் 14ஆம் பிரிவு 2017 மே 1 முதல் நடப்பிலுள்ளது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையைத் தெரிவித்தால், 30 நாட்களில் கட்டணமின்றிச் சீர்செய்வது கட்டுநரின் கடமை; தவறினால் இழப்பீடு. வாய்ச்சொல் நில்லாது, எழுத்தில் தெரிவியுங்கள்.

மாமல்லபுரக் கரையோரத்தில் உப்புக்காற்று கம்பியைத் துருவாக்கிச் சுவரைப் பிளக்கச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே செங்கல்பட்டு மாவட்டத்தார் நான்காம் ஆண்டிலேயே பொறியாளரைக் கொண்டு சோதிப்பது நலம் என்பது என் கருத்து.

சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டியவருக்கு ரெரா பொருந்தாது. அவர் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். அங்குக் கெடு 2 ஆண்டுகளே.