வானத்துக்கு அளந்த ஒளி: சென்னையில் கேமரா கற்றவர்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

சாந்தோம் கடற்கரை கிழக்கு பார்த்தது. விடிகாலையில் சூரியன் கடலிலிருந்து மேலே வரும்போது வலை பிரிப்பவர், ஃபைபர் போட்டைக் கரையேற்றுபவர், ஏலத்துக்குக் கூடையோடு நிற்பவர் எல்லோருக்கும் முதுகுப் பக்கம்தான் வெளிச்சம். ஊர்ப் பக்கத்திலிருந்து கேமராவோடு போகிற நமக்கு அவர்கள் கறுப்பு உருவங்களாகத் தெரிகிறார்கள். இந்தக் கறுப்பு உருவத்தை நான் ஆறு வருஷம் படம் பிடித்திருக்கிறேன். பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

தமிழில் எம்.ஏ. முடித்துவிட்டு, 2014இல், பழைய கேமரா ஒன்றைத் தவணையில் வாங்கினேன். அபெர்ச்சர் என்றால் என்ன, ஷட்டர் வேகம் என்றால் என்ன என்று எந்தப் புத்தகமும் எனக்கு உருப்படியாகச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடுகிற ஒரு குழு. வங்கி ஊழியர், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று பலவகை ஆட்கள். என்னிடம் லென்ஸ் இல்லையென்றால் கழற்றிக் கொடுத்தார்கள். காசு வாங்காமல் கற்றுக்கொடுத்தார்கள். மாதம் ஒருமுறை கூடிப் படங்களை வரிசையாக வைத்துப் பேசுவோம். பின்னால் நான் சொல்லப்போவதை இந்த நன்றியோடு சேர்த்தே படிக்க வேண்டும். நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஒரு மாதம் என் படம் சிறந்த படமாகத் தேர்வானது. பட்டினப்பாக்கம் கரை, ஆரஞ்சு வானம், தலையில் கூடையோடு ஒரு பெண்ணின் நிழலுரு. பெரிய பிரிண்ட் போட்டு அந்த அக்காவிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா தம்பி இது? கறுப்பா ஏதோ நிக்குது. இதுல நான் எங்க கீறேன்?”

“இதுதாங்க்கா நீங்க.”

“சூரியன நல்லாப் புடிச்சிருக்க. அது தெனம் வருது.”

படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சங்கரா மீனைக் கூறுகட்டப் போய்விட்டார். மோசமான படம் என்று அவர் சொல்லவில்லை. தான் அதில் இல்லை என்று மட்டும்தான் சொன்னார். நன்றாக எடுக்கக் கற்றுக்கொண்ட ஒருவனின் படத்தில் எடுக்கப்பட்டவர் எப்படிக் காணாமல் போனார்? இதை என் தனிப்பட்ட தவறாகக் கருதி முடித்துக்கொள்ள முடியவில்லை. நான் கற்ற முறைக்கு இந்த ஊரில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வரலாறு இருக்கிறது.

2

1839இல் பாரிஸில் டாகரோடைப் அறிவிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கேமரா இந்தியத் துறைமுகங்களில் இறங்கிவிட்டது. 1854இல் பம்பாயிலும் 1856இல் கல்கத்தாவிலும் புகைப்படச் சங்கங்கள் தோன்றின. சென்னைப் புகைப்படச் சங்கம் தன் பிறப்பை 1857 என்று கணக்கிடுகிறது. சிப்பாய்க் கலகத்தின் ஆண்டு அது. சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவர் அலெக்ஸாண்டர் ஹன்டர். தொழிலால் மருத்துவர். 1850இல் அவர் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்று எழும்பூரில் அரசு கவின் கலைக் கல்லூரியாக நிற்கிறது. சங்கத்தின் தலைவராக இருந்த வால்டர் எலியட் கம்பெனி அரசின் உயர் அதிகாரி, அமராவதிச் சிற்பங்களைச் சேகரித்தவர். அதிகாரி, ராணுவத்தான், மருத்துவன்: சென்னையில் முதலில் கேமரா பழகிய கூட்டம் இதுதான். ஓய்வு நேரமும் ரசாயனம் வாங்கப் பணமும் இவர்களிடம்தான் இருந்தன.

இதே காலத்தில் சென்னை அரசின் புகைப்படக்காரராக இருந்தவர் கேப்டன் லினயஸ் ட்ரைப். மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை எல்லாம் சுற்றி அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வந்தன. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக ஆக்கினார். கல்வெட்டியலுக்கு அது பெரிய கொடை, மறுக்க முடியாது. ஹன்டரின் பள்ளி மாணவர் ஐயாசாமி அவரிடம் தொழில் பயின்று உதவியாளராக இருந்தார். புகைப்படம் கற்ற முதல் தமிழர்களில் ஒருவர் என்று இவரைச் சொல்ல வேண்டும். தொகுதிகள் ட்ரைப் பெயரில் வந்தன. ஐயாசாமி பெயர் ஆய்வாளர்களுக்கு மட்டும் தெரிந்த பெயராக நின்றுபோனது.

ட்ரைப்பின் கோயில் படங்களில் பெரும்பாலும் ஆட்களே இல்லை. பிரகாரம் வெறிச்சென்று கிடக்கிறது. காரணம் ஓரளவு தொழில்நுட்பம். அவர் பயன்படுத்திய மெழுகூட்டிய காகித நெகட்டிவுக்கு நீண்ட நேர ஒளி தேவை. அசைகிறவர் பதிவாக மாட்டார். அந்த ரசாயனத்துக்கு இன்னொரு குறையும் உண்டு: நீல ஒளி அதிகம் பட்டு வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். இந்த இரண்டாவது குறையை ட்ரைப் அப்படியே விடவில்லை. நெகட்டிவில் கையால் வண்ணம் பூசி மேகங்களைச் சேர்த்தார். வானத்துக்காகப் பாடுபட்ட கை, நடமாடிய சனங்களுக்காகப் பாடுபடவில்லை. 1859இல் கவர்னராக வந்த ட்ரெவெல்யன் செலவு அதிகம் என்று இந்த வேலையையே நிறுத்த வைத்தார்.

சனங்கள் கேமராவுக்குள் வந்தபோது வகைமாதிரிகளாக வந்தார்கள். வாட்சனும் கேயும் பதிப்பித்த ‘இந்திய மக்கள்’ எட்டுத் தொகுதிகள் 1868க்கும் 1875க்கும் இடையில் வெளிவந்தன. கலகத்துக்குப் பிறகு ஆளப்படுகிறவனை அடையாளம் தெரிந்துவைத்துக்கொள்ளும் அவசரம் அதில் இருக்கிறது. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்கை அளக்கும் கருவியோடு கேமராவையும் சேர்த்துக்கொண்டார். ரங்காச்சாரியுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. அங்கே முகம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முகத்துக்குக் கீழே ஆளின் பெயருக்குப் பதிலாகச் சாதியின் பெயர் இருக்கிறது. முகம் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

‘இந்திய மக்கள்’ தொகுப்புக்குப் படம் கொடுத்தவர்களில் ஒருவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர், சென்னைக் குதிரைப் படை அதிகாரி. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் எலும்புக்கூடாக இருந்த மனிதர்களைக் குழுக்குழுவாக உட்கார வைத்து எடுத்தவர் அவர்தான். 1886இல் மண்டலேயில் பர்மியக் கைதிகளைச் சுட்டுக் கொன்றபோது, படத்துக்குச் சரியான நொடி கிடைப்பதற்காகச் சுடும் உத்தரவைத் தாமதப்படுத்தினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை அது போனது. சரியான நொடி, சரியான ஒளி, அசையாத உருவம் என்று எல்லாப் பாடத்திலும் முதலில் வருகிற விஷயங்கள்தான் இவை. நுட்பம் என்று நாம் பிரித்துச் சொல்வது எங்கே முடிகிறது, அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்று மண்டலேயில் கோடு போட முடியாது.

3

இதற்கு நடுவே இன்னொரு கதையாடல் உண்டு. அது தெருமுனை ஸ்டுடியோவின் கதை. இங்கே படம் எடுத்துக்கொள்கிறவர் காசு கொடுக்கிறார். அதனால் முகத்தில் வெளிச்சம் விழுகிறது. வரைந்த திரைச்சீலை, நாற்காலி, கையில் கடிகாரம், எல்லாமே அவர் விருப்பம். 1880 தொடங்கி நூறாண்டு காலத் தமிழ் ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் தேடிப் பாதுகாத்திருக்கிறார்கள். உழைக்கும் சனங்கள் தம்மை எப்படிப் பார்க்க விரும்பினார்கள் என்று தெரிந்துகொள்ள அவற்றைப் பார்க்க வேண்டும். ஆனால் அதே ஸ்டுடியோக்காரர் நெகட்டிவில் பென்சில் தடவி நிறத்தை வெளுக்க வைத்ததும் உண்டு. முகத்தைக் கொடுத்த கையே அதன் கறுப்பை எடுத்துக்கொண்டது.

நிறம் கருவிக்குள்ளேயே இருந்தது என்பதையும் சொல்லித்தானாக வேண்டும். கோடாக் கம்பெனி கலர் பிரிண்ட் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருந்தது. ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். வெள்ளைத்தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பொருள். கறுப்புத்தோல் சேறாகப் பதிவதைப் பற்றிக் கறுப்பினத்துத் தாய்மார்கள் புகார் சொன்னபோது நகராத கம்பெனி, சாக்லேட் விளம்பரக்காரர்களும் மரச்சாமான் விற்பவர்களும் பழுப்பு நிறங்கள் பிரித்துத் தெரியவில்லை என்றதும் நகர்ந்தது என்று ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார்.

சுதந்திரத்துக்குப் பிறகு புகைப்பட சங்கங்கள் நம் ஆட்கள் கைக்கு வந்தன. 1953இல் இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பு உருவானது. சலூன் என்று சொல்லப்படும் போட்டிக் கண்காட்சிகள் பெருகின. பட்டங்கள் வந்தன. சலூன் அழகியலை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: சுருக்கம் விழுந்த கிழவர் முகம், புழுதியில் ஆட்டு மந்தை, சூரிய உதயத்தில் படகு. சட்டகத்தை மூன்றாகப் பிரி, ஆளை ஓரத்தில் வை. ஆள் பேரில்லாதவர். தர்ஸ்டன் படத்தின் கீழே சாதிப் பெயர் இருந்தது. இங்கே ‘உழைப்பு’, ‘நம்பிக்கை’, ‘விடியல்’ என்று தலைப்பு. இரண்டு பிரதிகளிலும் ஆளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் எடுத்தவருக்கு வரவில்லை. 2000களில் டிஜிட்டல் கேமரா விலை இறங்கியதும் எங்களைப் போன்ற ஞாயிற்றுக்கிழமைக் குழுக்கள் ஊர் முழுக்கத் தோன்றின. கருவி மாறியது. படம் அதேதான்.

4

இப்போது என் கறுப்பு உருவத்துக்கு வருகிறேன். கேமராவின் லைட் மீட்டர் எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். 18 சதவீத ஒளியைத் திருப்பித் தரும் சாம்பல் அட்டையை வைத்துத்தான் எங்களுக்கு முதல் பாடம். பட்டினப்பாக்கத்து விடியல் வானத்தை அதற்குக் காட்டினால், வெளிச்சம் ஜாஸ்தி என்று முடிவுகட்டி ஒளியைக் குறைக்கும். வானத்து நிறம் அற்புதமாக வரும், முன்னால் நிற்கும் முகம் இருண்டுவிடும். முகத்துக்கு அளந்தால் முகம் வரும், வானம் வெளுக்கும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும், நீதான் முடிவு பண்ண வேண்டும் என்பது பாடம். இதில் பொய் இல்லை. ஆனால் எங்கள் கூட்டங்களில் அந்த முடிவு எப்போதும் முன்கூட்டியே எடுக்கப்பட்டிருந்தது. “வானம் போயிடுச்சே” என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். “முகம் போயிடுச்சே” என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இந்தக் கரை வெறும் அழகான கரை அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமி சீனிவாசபுரத்துக்குள் புகுந்தது. இரண்டு நாள் கழித்துக் கடலூரில் ஆர்கோ தத்தா எடுத்த படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்படமாகத் தேர்வானது. மணலில் குப்புறக் கிடந்து அழும் பெண், ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும். அந்தப் படம் உலகத்தை உலுக்கியது உண்மை. சாவில்தான் இந்தக் கரைச் சனங்கள் உலகத்துக்குத் தெரிந்தார்கள் என்பதும் உண்மை. 2023 ஏப்ரலில் லூப் ரோட்டு மீன்கடைகளை அகற்ற மாநகராட்சி வந்தபோது நொச்சிக்குப்பத்துப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். 2024இல் அங்கே மீன் அங்காடி திறக்கப்பட்டது. மறியல் நடந்த நாட்களில் அங்கே இருந்த பையன்கள் செல்போனில் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். சட்டகம் கோணல், ஒளி சரியில்லை. ஆனால் அதில் யார் யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அந்த அக்காவும் அதில் இருந்தார். நான் ஆறு வருஷம் எடுத்த படங்களில் ஒன்றைக்கூட ‘இவர் இங்கே கடை போட்டிருந்தார்’ என்று காட்ட முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நுட்பத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு (2017) ஒளிப்பதிவு செய்த பழனிக்குமார் நுட்பம் தெரிந்தவர். மதுரையில் மீன் விற்ற தாயின் மகன். மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களைத் தொடர்ந்து எடுத்துவருகிறார். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கேமராவும் கற்றுக்கொடுக்கிறார். அவர் படங்களில் ஆளுக்குப் பெயர் உண்டு, முகத்தில் வெளிச்சமும் உண்டு. ஐயாசாமியிலிருந்து அவரிடம் வர நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

5

போன வருஷம் ஒரு காரியம் செய்தேன். பேண்டை மடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கரையைப் பார்த்து நின்றேன். சூரியன் இப்போது என் முதுகில். வெளிச்சம் அந்த அக்காவின் முகத்தில் நேராக விழுந்தது. வானத்தையும் இழக்க வேண்டியதில்லை, முகத்தையும் இழக்க வேண்டியதில்லை. இரண்டில் ஒன்றுதான் என்ற பாடம் ஊர்ப் பக்கம் நிற்கிறவனுக்கான பாடம் என்று புரிந்தது. கடலிலிருந்து திரும்புகிறவர்கள் தினமும் பார்க்கிற காட்சி இது. அவர் பின்னால் கடல் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பும், காயப்போட்ட துணியும், தூரத்தில் 1896இல் கட்டி முடித்த தேவாலயக் கோபுரமும் இருந்தன. எத்தனையோ வாழ்த்து அட்டைகளில் பார்த்த கோபுரம்தான். குப்பத்தோடு சேர்த்து நான் அதைப் பார்த்ததில்லை.

பிரிண்டைக் கொடுத்தபோது அக்கா சிரித்தார். “ஆதார்ல கூட இவ்ளோ தெளிவா இல்ல. இன்னும் ரெண்டு காப்பி குடு. ஒண்ணு பொண்ணு வூட்டுக்கு.” பெயரைக் கேட்டு, பிரிண்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதை இங்கே எழுதாததற்குக் காரணம் அவர் வேண்டாம் என்றதுதான். பெயர் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் உரிமை.

அதே படத்தைக் குழுவிலும் வைத்தேன். “பின்னாடி பில்டிங் எல்லாம் ரொம்ப டிஸ்டர்ப் பண்ணுது” என்றார் மூத்த நண்பர். எனக்கு முதலில் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அதனால் சண்டை போடவில்லை. அடுத்த மாதப் படக்கூட்டத்தை அறைக்குள் நடத்தாமல் பட்டினப்பாக்கம் கரையில், ஏலம் முடிந்த பிறகு, படத்தில் இருப்பவர்களையும் உட்கார வைத்து நடத்தலாம் என்று கேட்டிருக்கிறேன். சிலர் சரி என்றார்கள். சிலர் அவங்களுக்கு கம்போசிஷன் எல்லாம் புரியுமா என்றார்கள். பேச்சு இன்னும் முடியவில்லை.