அறிவியல் கட்டுரையில் ‘முடிவுகள்’ பகுதி உருவான வரலாறு

அறிவியல் ஆய்வுக் கட்டுரையில் ‘முடிவுகள்’ என்ற தலைப்பின் கீழ் சோதனையில் கிடைத்தது மட்டுமே எழுதப்படுகிறது. சோதனை செய்த முறை அதற்கு முன்னும், கிடைத்தது எதைக் குறிக்கிறது என்ற விவாதம் அதற்குப் பின்னும் வரும். மாணவருக்கு இது இயல்பான ஒழுங்காகவே கற்பிக்கப்படுகிறது. அறிவியல் இதழ்களுக்கு வயது முந்நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. இந்தப் பிரிவினை பொதுவழக்காகி ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை. கிடைத்தவற்றுள் எதைக் காட்டுவது, எதை விடுவது, அதை முடிவு செய்பவர் யார் என்ற கேள்விதான் இப்பகுதியின் விதிகளில் பலவற்றைப் பிறப்பித்தது.

லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் 1665 மார்ச் மாதம் தொடங்கிய ‘ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழை நிறைத்தவை பெரும்பாலும் கடிதங்கள். முதலில் இதைச் செய்தேன், இதைக் கண்டேன், பிறகு இன்னொன்றைச் செய்தேன் என்று அவை நிகழ்ந்த வரிசையிலேயே செல்லும். ஒளியும் நிறமும் பற்றி ஐசக் நியூட்டன் 1672இல் அதில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையும் கடிதமே. சோதனையும் அதன் விளக்கமும் அதில் பின்னிக் கிடக்கின்றன. இது முடிவு, இது கருத்து என்று கோடு போட இடமில்லை.

கதைப்போக்கிலிருந்து முடிவுகளை முதலில் பிரித்தெடுத்தது அட்டவணை. ராபர்ட் பாயில் 1662இல் வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஊற்றி, அடைபட்ட காற்று சுருங்கியதை அளந்து வெளியிட்டார். அந்த அட்டவணையின் ஒரு நிரலில் அளந்த அழுத்தமும், கடைசி நிரலில் கருதுகோளின்படி இருக்க வேண்டிய அழுத்தமும் அருகருகே நிற்கின்றன. இரண்டும் பல வரிசைகளில் சற்றே விலகுகின்றன. பாயில் அந்த விலகலை மழுப்பவில்லை. தாம் சொல்லும் விதி எவ்வளவு பொருந்துகிறது என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். முடிவுகளை எழுதுவதில் இதைவிட நேர்மையான முறை பிறகும் அதிகம் வந்துவிடவில்லை.

கிரிகோர் மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணிக் கட்டுரையில் எண்களுக்குத் தனி இடம் கிடைத்தது. 253 கலப்பினச் செடிகளிலிருந்து 7,324 விதைகள், அவற்றில் 5,474 உருண்டையானவை, 1,850 சுருக்கமுற்றவை, விகிதம் 2.96க்கு 1. மொத்தக் கணக்கோடு அவர் நிற்கவில்லை. முதல் பத்துச் செடிகளின் எண்களைத் தனித்தனியே தந்தார். 43 உருண்டை விதைகளுக்கு 2 சுருங்கிய விதைகளே தந்த செடி ஒன்று, 14க்கு 15 என்று விகிதமே தலைகீழான செடி இன்னொன்று என, ஒத்துவராதவற்றையும் எழுதிவைத்தார். இத்தனைக்குப் பிறகும் 1936இல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் அந்த எண்களைப் புள்ளியியல் முறையில் சோதித்து, தற்செயலாக அமையக்கூடிய அளவைவிட அவை கோட்பாட்டோடு மிக நெருங்கியிருப்பதாகக் காட்டினார். அந்த விவாதம் இன்னும் முழுதாக ஓயவில்லை. எழுபது ஆண்டுகள் கழித்தும் ஒருவர் மறுகணக்குப் போட முடிந்தது, மெண்டல் எண்களை அச்சில் விட்டுச் சென்றதால்தான்.

ஒளிவுமறைவின்றி எழுதினால் இழப்பும் வரலாம் என்பதற்கு இயற்பியலாளர் ராபர்ட் மில்லிகன் சான்று. எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளக்கும் சோதனை பற்றி 1910இல் எழுதியபோது, தம் அளவீடுகளின் தரத்தை உடுக்குறியிட்டு வகைப்படுத்தினார்: சில மிக நன்று, சில சுமார். வியன்னாவின் ஃபெலிக்ஸ் எரன்ஹாஃப்ட் அதே எண்களை எடுத்துத் திரும்பக் கணக்கிட்டு, எலெக்ட்ரானைவிடச் சிறிய மின்னூட்டம் உண்டென்ற தம் வாதத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார். 1913இல் மில்லிகன் எழுதிய கட்டுரையில் உடுக்குறி இல்லை. அதில் 58 எண்ணெய்த் துளிகளின் அளவீடுகள் உள்ளன. இவை பொறுக்கி எடுத்தவை அல்ல, தொடர்ந்து 60 நாள்களில் சோதித்த துளிகள் அனைத்தும் இவையே என்ற உறுதிமொழியும் உண்டு. அறிவியல் வரலாற்றாளர் ஜெரால்ட் ஹோல்டன் 1978இல் மில்லிகனின் ஆய்வுக்கூடக் குறிப்பேடுகளை ஆராய்ந்து எழுதியபோது வேறு கதை வெளிவந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட துளிகள் அளக்கப்பட்டிருந்தன. பல, பல காரணங்களுக்காக விடப்பட்டிருந்தன. விடப்பட்டவற்றைச் சேர்த்தாலும் இறுதி மதிப்பு பெரிதாக மாறாது என்று பின்னர் வந்த கணக்குகள் காட்டின. அந்த அளவில் அறிவியல் தப்பியது. தேர்வு செய்தது குற்றமென்று சொல்ல முடியாது. பழுதான அளவீட்டை ஒதுக்குவது ஆய்வாளரின் வேலை. ஒதுக்கியதைச் சொல்லாமல் விட்டதே பிழை.

ஃபிஷரின் 1925ஆம் ஆண்டு நூல், ஆய்வாளர்களுக்கான புள்ளியியல் முறைகளைக் கையேடாக்கித் தந்தது. உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் அப்படியொரு முடிவு தற்செயலாக வர இருபதில் ஒன்று என்ற வாய்ப்பளவு வசதியான எல்லைக்கோடாகப் பரவியது. அதற்குப்பின் முடிவுகள் பகுதி ஒரு தீர்ப்பு மன்றமாயிற்று: வேறுபாடு ‘பொருளுடையது’ அல்லது ‘பொருளற்றது’. எவ்வளவு வேறுபாடு என்ற கேள்வி பல கட்டுரைகளில் பின்னுக்குப் போனது.

மருத்துவத்தில் இந்தப் போக்குக்கு மாற்றாக நின்றது 1948இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு. காசநோயாளிகளில் மருந்து பெற்றோர் 55 பேர், பெறாதோர் 52 பேர். ஆறு மாதத்தில் முன்னவரில் நால்வரும் பின்னவரில் 14 பேரும் இறந்தனர். மொத்தம், இறப்பு, எக்ஸ்ரேயில் தெரிந்த மாற்றம் என எல்லாமே எண்ணாக வைக்கப்பட்டன. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தின் முதல் பெரிய ஆய்வும் இதே மரபைச் சேர்ந்தது. 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, வீட்டுச் சிகிச்சையையும் சானடோரியச் சிகிச்சையையும் ஒப்பிட்ட அந்த அறிக்கை 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் தொண்ணூறு பக்க அளவில் வந்தது. உணவு, ஓய்வு, தங்குமிடம் எல்லாவற்றிலும் சானடோரியப் பிரிவுக்கே வசதி அதிகம். வீட்டிலிருந்தோர் அதனால் பெரிதாகப் பின்தங்கவில்லை என்பதை அட்டவணைகளே நிறுவின. காசநோய்ச் சிகிச்சை மருத்துவமனைப் படுக்கையை விட்டு வீட்டுக்கு நகர்ந்ததில் அந்த அறிக்கைக்குப் பெரும் பங்குண்டு.

முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம் என்ற நான்கு பிரிவு அமைப்பு முன்னணி மருத்துவ இதழ்களில் 1940களில் வேர்விட்டு, 1970களில் பெரும்பான்மையாகி, 1980களில் ஒரே வடிவமாயிற்று. 1972இல் அமெரிக்கத் தேசியத் தரநிலை ஒன்றும் இதை ஏற்றது. பக்கத்தைச் சுருக்க விரும்பிய பதிப்பாசிரியருக்கும், தேவையான பகுதியை மட்டும் புரட்டும் வாசகருக்கும் இது கைகொடுத்தது. எதிர்ப்பும் இருந்தது. உயிரியலாளர் பீட்டர் மெடாவர் 1963இல் பிபிசி உரையில், அறிவியல் கட்டுரை ஒரு மோசடியா என்றே கேட்டார். எந்த எதிர்பார்ப்பும் இல்லாதவர் முன்னே முடிவுகள் தாமாக வந்து கொட்டியதுபோல இப்பகுதி நடிக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. விவாதத்தை முதலில் வைக்க வேண்டும் என்றார். இதழ்கள் கேட்கவில்லை.

அடுத்த சீர்திருத்தங்கள் வேறு பக்கமிருந்து வந்தன. ‘பொருளுடையது’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதில், உண்மை மதிப்பு எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் நம்பக இடைவெளியைத் தருமாறு புள்ளியியலாளர்கள் மார்ட்டின் கார்ட்னரும் டக்ளஸ் ஆல்ட்மனும் 1986இல் வாதாடினர். மருத்துவ இதழ்கள் பல செவிசாய்த்தன. மருத்துவச் சோதனைகளை எப்படி எழுத வேண்டும் என்று வகுத்து 1996இல் வந்த ‘கான்சார்ட்’ அறிக்கை, எத்தனை பேர் ஆய்வில் சேர்ந்தனர், எத்தனை பேர் நடுவில் விலகினர், இறுதிக் கணக்கில் எத்தனை பேர் என்பதைப் படமாக வரையச் சொன்னது. 2005 முதல் முக்கிய மருத்துவ இதழ்கள், தொடங்கும்போதே பதிவு செய்யாத மருத்துவச் சோதனைகளை ஏற்க மறுத்தன. பதிவில் சொன்ன அளவீடு கட்டுரையில் காணாமல் போனால் இனி ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம்.

இந்தச் சீர்திருத்தங்களின் அடுத்த கட்டம் 2013இல் ‘கார்டெக்ஸ்’ இதழ் தொடங்கிய முறை. ஆய்வின் கேள்வியையும் திட்டத்தையும் மட்டும் மதிப்பிட்டு, தரவு சேகரிக்கும் முன்பே கட்டுரையை ஏற்பதாக இதழ் உறுதி தருகிறது. சொன்னபடி செய்திருந்தால் முடிவு எதுவானாலும் அச்சேறும். அத்தகைய கட்டுரையில் முடிவுகள் பகுதி இரண்டாகப் பிரிகிறது: முன்பே அறிவித்த பகுப்பாய்வுகள் ஒரு தலைப்பில், தரவைப் பார்த்தபின் தோன்றியவை தனித் தலைப்பில்.