களைதலும் காத்தலும்

நெகிரி செம்பிலானைச் சேர்ந்த தம்பினிலிருந்து மலாக்காவுக்கு முன்னாளில் ஒரு கிளை இரயில்பாதை இருந்தது. 1905-இல் திறக்கப்பட்ட அப்பாதையின் தண்டவாளங்களை ஜப்பானியர் தம் ஆட்சிக்காலத்தில் (1942–1945) பெயர்த்தெடுத்துச் சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டு சென்றனர். அந்த மரண இரயில்பாதை வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். போர் முடிந்தது, ஆனால் மலாக்காக் கிளைப்பாதை மீண்டும் போடப்படவில்லை. பெயர்த்தல் எளிது, மீட்டமைத்தல் அரிது என்பதற்குத் தம்பின் வட்டாரமே சான்று.

அவ்வாறாயின் எதனைக் களையலாம், எதனைக் காக்கவேண்டும்? இக்காலக் கணிப்பொறித் துறை இவ்வினாவுக்குத் தெளிவான விடை ஒன்றைத் தருகின்றது.

நிரல் எழுதுவோர் அனைத்தையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிவைத்த நிரல்களைத் துணைக்கொள்கின்றனர். அவற்றைச் சார்புத் தொகுப்புகள் என்பர். ஜாவாஸ்கிரிப்ட் மொழி நிரல்களைச் சேவைக் கணினிகளிலும் இயக்குவதற்கான நோட்.ஜேஎஸ் 2009-இல் ரையன் டால் என்பவரால் ஆக்கப்பட்டது. அதற்குரிய தொகுப்புகளைத் தருவிக்கும் என்.பி.எம். என்னும் கருவியை ஐசக் சுலூட்டர் 2010-இல் வெளியிட்டார். ஒரு திட்டத்திற்கு வேண்டிய தொகுப்புகள் அத்திட்டத்தினுள்ளேயே ‘நோட் மாட்யூல்ஸ்’ என்னும் கோப்புறையில் வந்து சேரும். ஒரு தொகுப்பு வேறு சிலவற்றையும், அவை மேலும் சிலவற்றையும் வேண்டுவதால் கோப்புறை பெருத்துவிடுகின்றது. பத்துத் திட்டங்கள் இருப்பின், ஒரே தொகுப்பு பத்து இடங்களில் படியெடுக்கப்பட்டிருக்கும். கைவிடப்பட்ட திட்டங்களின் சுமையும் வட்டில் அப்படியே தங்கிவிடும்.

இச்சுமையை அகற்றவே கட்டளைவரிக் கருவிகள் தோன்றின. 1971-ஆம் ஆண்டின் யூனிக்ஸ் கையேட்டிலேயே கோப்பை நீக்கும் ‘ஆர்.எம்.’ கட்டளை இடம்பெற்றுள்ளது. ஆயினும் அது சொன்னதைச் செய்யுமேயன்றி, எங்கே எவ்வளவு சுமை உள்ளது என்று காட்டாது. ‘என்பிகில்’ என்னும் கருவியோ அத்தகைய கோப்புறைகளைத் தேடி, அவற்றின் அளவோடு வரிசைப்படுத்திக் காட்டுகின்றது. வேண்டாததைப் பயனர் தேர்ந்து நீக்குகின்றார்.

இவ்வாறு துணிந்து நீக்க இயல்வது எதனால்? திட்டத்தில் ஒரு சிறு பட்டியல் கோப்பு உண்டு. வேண்டிய தொகுப்புகளின் பெயர்கள் அதில் உள்ளன. 2017-இல் வந்த என்.பி.எம். ஐந்தாம் பதிப்பு, ஒவ்வொன்றின் துல்லியமான பதிப்பெண்ணையும் குறித்துவைக்கும் பூட்டுக்கோப்பைச் சேர்த்தது. பட்டியல் இருக்குமாயின் கோப்புறையை மீண்டும் பெறலாம்.

எனினும் பட்டியல் மட்டும் போதாது. மூலமும் இருத்தல் வேண்டும். 2016 மார்ச்சில் ‘லெப்ட்-பேட்’ என்னும் பதினோரு வரி நிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிடவே, அதனைச் சார்ந்திருந்த எண்ணற்ற திட்டங்களைக் கட்டியெழுப்ப இயலாது போயிற்று. பின்னர்க் களஞ்சியத்தாரே அதனை மீட்டு வைத்தனர். கோப்புறைக்குள் ஒருவர் தம் கையால் செய்த திருத்தம் இருப்பின், அதுவும் நீக்கத்தோடு அழிந்துவிடும்.

இந்நெறி தமிழர்க்குப் புதியதன்று. பழுதுபட்ட ஏட்டைப் புதிய ஓலையில் படியெடுத்த பின்னரே பழையதை வேள்வித்தீயில் இடுதல் முன்னோர் வழக்கம். படி இருந்தமையால் இழப்பில்லை. பிற்காலத்தார் படியெடுத்தலை மறந்து, தீயில் இடுதலை மட்டும் கடைப்பிடித்தனர். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிச் சென்ற உ.வே.சாமிநாதையர், அங்கிருந்த சுவடிகள் அவ்வாறு எரிந்துபோனதைக் கேட்டு வருந்தியதை ‘என் சரித்திரம்’ நூலில் பதிவு செய்துள்ளார்.

சடங்கு ஒன்றே, படி இருந்தவரை அது தூய்மை, படி இல்லாதபோது அழிவு. நீக்குமுன் பட்டியலும் மூலமும் உளவா என நோக்குதல் கணிப்பொறிக்கு மட்டுமன்றி, பள்ளி நூலகத்தின் பழைய அடுக்குகளைத் துப்புரவு செய்வோர்க்கும் உரிய கடமையாகும்.